மாமல்லபுரம் முதல் தரங்கம்பாடி வரை: காலையை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: கோவையிலிருந்து எழுதுகிறேன். மே இரண்டாவது வாரத்தில் குடும்பத்தோடு 5 நாள் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 12 வயது மகள், 7 வயது மகன், மாமனார் (72), மாமியார் (68). மாமியாருக்கு ரத்த அழுத்தமும் மூட்டு வலியும் உண்டு. கணவருக்குப் பழைய கோட்டையும் கோயிலும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கடலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். மாமல்லபுரம், ஆலம்பரை, புதுச்சேரி, பிச்சாவரம், சிதம்பரம், பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சென்னையில் ஒரு காரை எடுத்து 5 நாளும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். இது சரிவருமா? கடலில் பிள்ளைகளை விடுவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் 9 ஊர்கள் இருக்கின்றன. 5-ஐ வைத்துக்கொண்டு நாலை எடுத்துவிடுங்கள். ஆலம்பரை, பூம்புகார், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் இந்த முறை வேண்டாம். ராமேஸ்வரத்தை எடுக்கச் சொல்வது தூரத்துக்காக. தரங்கம்பாடியிலிருந்து 5, 6 மணி நேரம் ஓட வேண்டும். அது தனியாக ஒருமுறை மதுரையோடு சேர்த்துப் போக வேண்டிய ஊர். மற்ற மூன்றையும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் தூரம் இல்லை, நேரம்.

மே மாதத்தில் சோழமண்டலக் கரையில் வெளியே நடமாடத் தோதான நேரம் காலை 6 முதல் 9.30 வரை, மாலை 4 முதல் 6.30 வரை. அவ்வளவுதான். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். நீங்கள் போவது அதன் நடுவில். கடற்காற்று வழக்கமாக நண்பகலுக்கும் 2 மணிக்கும் இடையில் எழும்பி வெப்பத்தைக் கொஞ்சம் தணிக்கும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அது தாமதமாகும். அன்றைக்குத்தான் கடலோர ஊர்களிலும் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே 10.30-லிருந்து 3.30 வரை அறையிலோ வண்டியிலோ கூரை உள்ள இடத்திலோ இருப்பதாகவே திட்டம் போடுங்கள்.

இப்போது சிக்கல் எங்கே என்று பாருங்கள். கல் சூடேறுவதற்குள் சிற்பங்களைப் பார்க்கக் காலை நேரம்தான் வேண்டும். பிள்ளைகள் கடலில் நனையவும் காலை நேரம்தான் வேண்டும். மாலையில் கரையில் உட்காரலாமே தவிர, இருட்டும் நேரத்தில் தண்ணீரில் இறக்கக் கூடாது. கல்லும் கடலும் ஒரே காலைக்குப் போட்டி போடுகின்றன. இரண்டையும் ஒரே காலையில் திணிப்பவர்கள் கடலில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, ஈர உடம்போடும் உப்போடும் 10 மணி வெயிலில் பஞ்சபாண்டவர் ரதத்துக்கு வந்து நிற்பார்கள். மகன் அழுவான், மாமியாருக்குத் தலை சுற்றும், உங்கள் கணவர் எதையும் பார்க்காமல் திரும்புவார். அதனால் ஒவ்வொரு நாள் காலையையும் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். மற்றொன்றுக்கு மாலை. கீழே நான் சொல்லும் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வருபவை.

எந்தக் கிழமையில் கிளம்புவது என்பதும் முக்கியம். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை மாமல்லபுரமும் புதுச்சேரியும் நிரம்பி வழியும். அறை வாடகையும் ஏறும். ஞாயிறு இரவு கோவையில் ரயில் ஏறி, வெள்ளி இரவு வீடு திரும்புங்கள். போகும்போது சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரல். திரும்பும்போது மயிலாடுதுறையிலிருந்து கோவைக்கு வரும் ஜன சதாப்தி. அது செவ்வாய் தவிர மற்ற நாட்களில் பிற்பகலில் கிளம்பி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கரூர், ஈரோடு வழியாக இரவில் கோவை வந்து சேரும். வடக்கே இறங்கி, கரையோரமாகத் தெற்கே வந்து, அங்கேயே ரயில் ஏறிவிடுவதால் போன வழியில் திரும்பும் ஒரு நாள் மிச்சம்.

கார் விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் மாறுபடுகிறேன். வெளியூர் வாடகைக்குப் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. என்று கணக்குப் போடுவார்கள். 5 நாளுக்கு 1,250 கி.மீ. ஆகிறது. சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை நீங்கள் ஓடப்போவது உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்து அதில் பாதிகூட வராது. அதோடு ஓட்டுநர் பேட்டா, மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குக் காலி வண்டி திரும்பும் செலவு. புதுச்சேரியில் கார் வேலையில்லாமல் நிற்கும். கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டியே விட மாட்டார்கள். 4 தனித்தனி டிராப் டாக்ஸியாக (ஒருவழி வாடகை வண்டி) எடுங்கள்: சென்ட்ரல்–மாமல்லபுரம், மாமல்லபுரம்–புதுச்சேரி, புதுச்சேரி–பிச்சாவரம்–சிதம்பரம்–தரங்கம்பாடி, தரங்கம்பாடி–மயிலாடுதுறை. ஊருக்குள் ஆட்டோ போதும். பேசும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். ஒருவழிக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு? டோலும் காத்திருப்புக் கட்டணமும் வாடகையில் சேர்த்தியா? புதுச்சேரி பெர்மிட் யார் செலவு? தமிழ்நாட்டு வண்டி புதுச்சேரி எல்லைக்குள் நுழையும்போதுதான் இந்தக் கடைசிக் கேள்வியில் தகராறு வரும்.

6 பேருக்கு இன்னோவா போன்ற 7 இருக்கை வண்டி போதும். ஆனால் மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் அநேகமாக இருக்காது. மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள். கடைசி வரிசையில் சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால் வாந்தி வரலாம். மகளும் நீங்களும் பின்னால், மகன் நடு வரிசையில் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி நாள்வாரியாக.

திங்கள் காலை கடலுக்கு. ரயில் 6 மணிக்கு மேல் சென்ட்ரல் வரும். மாமல்லபுரத்தில் அறை கிடைப்பது பெரும்பாலும் 12 மணிக்கு. நடுவில் இருக்கும் இந்த நேரம்தான் பலருடைய முதல் நாளைக் கெடுக்கிறது. அதைக் கடலுக்குக் கொடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கி.மீ. வந்தால் கோவளம். 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. உயிர்காப்பாளர், குளிக்க எல்லை குறித்த பகுதி, நன்னீர்க் குளியல், உடை மாற்றும் அறை எல்லாம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். 7.30-லிருந்து 9 மணி வரை பிள்ளைகள் ஆடட்டும். மாமனார், மாமியார் நிழலில் உட்காரட்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு 20 கி.மீ. தெற்கே மாமல்லபுரம். அறை பதிவு செய்யும்போதே 11 மணிக்கு உள்ளே விடுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதனால் அதை இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கரையில் பல இடங்களில் மணல் சட்டென்று சரியும். முழங்கால் ஆழத்தில் நிற்கும் பையன் ஒரு பெரிய அலை வந்து திரும்பும்போது இரண்டடி முன்னால் போய் இடுப்பளவு தண்ணீரில் நிற்பான். அவன் தவறு எதுவும் இல்லை. கரையேறிய தண்ணீர் சரிவில் வேகமாகத் திரும்பும்போது காலடி மணலையும் இழுத்துப் போகிறது. எனவே பெரியவர் கரைப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. பிள்ளைக்கும் கடலுக்கும் நடுவில், கடலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கையில் செல்பேசி இருக்கக் கூடாது.

இதைவிட ஆபத்தானது, கரையிலிருந்து கடலை நோக்கி ஓடும் இழுப்பு. அலைகள் கொண்டு வந்து குவிக்கும் தண்ணீர் எங்காவது ஒரு வழி பிடித்துக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அந்த வழியில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாக, சில சமயம் மணல் கலங்கித் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் “இங்கே அலை இல்லை” என்று தேடிப் போய் இறங்குவது அந்த இடத்தில்தான். இறங்குவதற்கு முன் 10 நிமிடம் கரையில் நின்று அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று மகளுக்குக் காட்டுங்கள். 12 வயதில் நன்றாகப் புரியும். மாட்டிக்கொண்டவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் சோர்ந்துதான் போவார். மிதந்தபடி கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கரையில் இருப்பவர்கள் கைகோத்துச் சங்கிலியாக இறங்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் போவது அப்படித்தான். மூடிய காலித் தண்ணீர் கேன், கயிறு, மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விதி. மே மாதம் வங்கக் கடலில் புயல் உருவாகக்கூடிய மாதம். கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே எங்கோ தொலைவில் உள்ள தாழ்வு மண்டலத்தால் இங்கே கடல் சீறும். சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று இருந்தால், அன்று உங்கள் வீட்டில் யாரும் கணுக்காலுக்கு மேல் நனையக் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் பேரலை, ‘கள்ளக்கடல்’ (உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென்று எழும் அலைப்பெருக்கு) எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதையும் முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

சொறிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழையில் மிச்சமுள்ள கொட்டும் செல்களும் வெடித்துவிடும். கடல் நீராலேயே கழுவி, இழையைச் சிறு இடுக்கியால் எடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 108.

திங்கள் மாலை, மாமல்லபுரம். பகல் முழுக்க அறையில் தூங்கி எழுந்து 4 மணிக்கு அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு வாருங்கள். அந்தப் பாறையின் முகம் கிழக்கே பார்த்தது, பின்னால் குன்று. பிற்பகலில் சிற்பம் முழுவதும் நிழலில் இருக்கும், நீங்களும் நிழலில் நிற்கலாம். சாலை ஓரத்திலேயே இருப்பதால் மாமியார் ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா என்று அறிஞர்களுக்குள் இன்றும் இரண்டு கருத்து. பாறையின் நடுவில் உள்ள பிளவையும் அதில் நாகங்களையும் காட்டி, இரண்டில் எது என்று மகளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மகனிடம் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். பிறகு பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபம், வெண்ணெய்ப் பாறை. கலங்கரை விளக்கம் ஏறுவதைக் கணவரும் மகளும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

செவ்வாய் காலை கல்லுக்கு. இந்தக் காலைதான் உங்கள் கணவருடையது. 6 மணிக்குப் பஞ்சபாண்டவர் ரதம், 7.30-க்குக் கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, அதே நாளில் செல்லும். பெரியவர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம். மகளின் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சீட்டை முந்தின இரவே இணையத்தில் எடுத்துப் படமாகச் சேமித்துவிட்டால், காலையில் வாசலில் சிக்னல் இல்லாமல் திண்டாட வேண்டியதில்லை.

ரதங்களைச் சுற்றிலும் மணல். 9 மணிக்கு மேல் நிற்க முடியாது. 6 மணிக்குப் போனால் சாய்ந்த வெளிச்சத்தில் உளித்தடம்கூடத் தெரியும். பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: இவை கட்டப்பட்டவை அல்ல, பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தவை, ஒன்றுகூட முழுதாக முடியவில்லை. எங்கே வேலை நின்றுபோனது என்று ஒவ்வொரு ரதத்திலும் அடிப்பகுதியில் தேடச் சொன்னால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருப்பதையும், பக்கத்திலேயே கல்யானை நிற்பதையும் சேர்த்துப் பார்க்க வையுங்கள். கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எடுப்பித்தது, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இது குடைந்தது அல்ல, கல் அடுக்கிக் கட்டியது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்தால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இந்த வரிசை. நடைபாதை சமதளம். இந்தக் கோயிலை ஒட்டிய கடலில் யாரும் குளிக்க வேண்டாம். பாறைகளும் இழுப்பும் சேர்ந்த இடம்.

சிற்றுண்டிக்குப் பிறகு 10.30-க்குக் கிளம்பினால் சுமார் 100 கி.மீ.; மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி. வழியில் ஆலம்பரைக் கோட்டை வரும். பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து 1760-ல் ஆங்கிலேயர் இடித்த செங்கல் கோட்டை, பக்கத்தில் உப்பங்கழி. அழகான இடம், ஆனால் நிழல் இல்லை; நீங்கள் அந்தப் பக்கம் கடக்கும் நேரம் உச்சி வெயில். 68 வயதுக்காரரை அங்கே இறக்காதீர்கள். டிசம்பரில் இன்னொருமுறை வரும்போது பார்க்கலாம்.

செவ்வாய் மாலை புதுச்சேரிக் கடற்கரைச் சாலை. 6 மணிக்கு மேல் வண்டிகள் கிடையாது. மகன் ஓடலாம், பெரியவர்கள் உட்காரலாம். அங்கே பாறாங்கல் குவித்திருப்பதற்குக் காரணத்தை மகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தெற்கிலேயே நிறுத்திவிட்டதால் வடக்கில் கடற்கரையே கரைந்தது. பிறகு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்டதில் ஒரு துண்டு மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்த மணலைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இறங்கக் கேட்பார்கள். விடாதீர்கள், அங்கே குளிக்கத் தடை, உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன.

புதன் காலை மறுபடியும் கடலுக்கு. ஊருக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரை. கோவளத்தோடு அதே 2021-ல் நீலக்கொடி பெற்றது. போனதும் கொடி பறக்கிறதா, உயிர்காப்பாளர் நிற்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மணல்வீடு கட்டிவிட்டுத் திரும்புங்கள். 10.30-க்கு மேல் புதுச்சேரி அருங்காட்சியகம் நல்ல இடம், திங்கள்தான் விடுமுறை. அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் பானை ஓடுகளும் இங்கே இருக்கின்றன. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத் தொடர்பை உறுதிப்படுத்திய இடம் அரிக்கமேடு. ஆனால் இப்போது அங்கே நேரில் போனால் தோப்பும் சில சுவர் மிச்சமும்தான்; பிள்ளைகளோடு போக வேண்டாம்.

மாலை 4.30-க்கு நடை. வெள்ளையர் தெருக்களோடு நிறுத்திவிடாமல் கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்கும் வாருங்கள். திண்ணையும் தாழ்வாரமும் உள்ள வீடுகள் அங்கேதான். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை நடமாடிய ஊர் இது. ஆனால் அவர் பார்த்த பிரெஞ்சுக் கட்டடங்களை 1761-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் படம் எடுக்கும் பிரெஞ்சுத் தெருக்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. உங்கள் கணவருக்கு இது தெரிந்தால் நடை இன்னும் சுவைக்கும்.

வியாழன்தான் கடினமான நாள். 6 மணிக்கே புதுச்சேரியை விட்டுக் கிளம்ப வேண்டும். சிற்றுண்டியை விடுதியிலிருந்து கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். 8 மணிக்குப் பிச்சாவரம். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் மட்டும் போகும்; மரங்கள் கூரையாகக் கவிந்த குறுகிய வாய்க்கால்களுக்குள் போகத் துடுப்புப் படகுதான் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். உயிர்க்கவசம் போடாமல் மகனைப் படகில் ஏற்றாதீர்கள். படகு தாழ்வாக இருக்கும், ஆடும். மாமியார் இறங்கி ஏறச் சிரமம் என்றால் அவரும் மாமனாரும் கரை நிழலில் இருப்பதே நல்லது. காட்டில் கிளையை ஒடிக்க விடாதீர்கள். சுரபுன்னையோடு தில்லை மரமும் அங்கே உண்டு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

10 மணிக்குச் சிதம்பரம். நண்பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 5 மணிக்குத்தான் திறக்கும், ஆகவே பிச்சாவரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்காதீர்கள். வெளிப் பிரகாரக் கல் சுடும். எல்லோருக்கும் தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் இதுதான் கைகொடுக்கும். கோபுர வாயிலின் நிழலிலேயே நின்று 108 கரணச் சிற்பங்களைப் பார்க்கலாம். மகள் பரதம் கற்பவள் என்றால் அங்கிருந்து கிளப்புவது கடினம்.

மதிய உணவுக்குப் பிறகு 50 கி.மீ. தரங்கம்பாடி. அங்கே டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதனால்தான் வியாழன் மாலை 4 மணிக்கே கோட்டைக்குள் இருக்க வேண்டும் என்று இந்த நாளை இவ்வளவு இறுக்கிப் போட்டிருக்கிறேன். தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, டேனியக் கடற்படைத் தளபதி ஓவே ஜெட்டே 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1845-ல் டேனியர் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். எதிரே பரந்த திடல், அடுத்து கடல். மாலை முழுக்க அங்கேயே இருக்கலாம்.

வெள்ளி காலை அவசரமில்லை. சூரியன் 5.45 வாக்கில் எழும். கரையில் மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-ல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. பிறகு ராஜ வீதியில் நடந்தால் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது இந்த ஊரில்தான், 1715-ல். நகர வாயில் வழியாக வெளியே வந்தால் வலம் முடிந்தது. பூம்புகாரைச் சேர்க்க முடியுமா என்று கணவர் கேட்பார். 20 கி.மீ.தான். ஆனால் காவிரிப்பூம்பட்டினத்தில் தரைக்கு மேல் மிஞ்சியது குறைவு. வெயிலில் அலைந்து பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வேளாங்கண்ணி நேர்த்திக்கடன் இருந்தால் மட்டும் இன்னொரு நாளைக் கூட்டிப் போங்கள். 11 மணிக்குக் கிளம்பி, மயிலாடுதுறையில் சாப்பிட்டு ரயில்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பெரிய மீன் வரத்து இருக்காது. அந்த நாட்களில் வஞ்சிரம் என்று வருவது பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாக இருக்கும். கரையோரம் பிடிக்கும் ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. “இன்றைக்கு ஃபைபர் படகில் என்ன வந்தது” என்று கேட்டு அந்தச் சிறு மீனைச் சாப்பிடுங்கள். சந்தேகமாக இருந்தால் தயிர்சாதம்.

மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையில் நீர்போக்கி (சிறுநீரைக் கூட்டும் மருந்து) சேர்ந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். சேர்ந்திருந்தால் வெயிலில் உடம்பின் நீரும் உப்பும் மற்றவர்களைவிட வேகமாக இறங்கும். எவ்வளவு குடிக்கலாம், அளவில் மாற்றம் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஓஆர்எஸ் பொடி 10 பாக்கெட் வையுங்கள். பாக்கெட்டில் எத்தனை நீருக்கு என்று எழுதியிருக்கும் (1 லிட்டருக்கும் வரும், 200 மில்லிக்கும் வரும்), முழுப் பாக்கெட்டை முழு அளவு நீரில்தான் கரைக்க வேண்டும். பாதியைப் போட்டுக் குத்துமதிப்பாகக் கலக்கினால் உப்பு கூடிவிடும். பொடி தீர்ந்தால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. மருந்துப் பையை மூடிய வண்டியில் விட்டுப் போகாதீர்கள். யாராவது பேச்சுத் தடுமாறினாலோ, உடம்பு கொதிக்க மயங்கினாலோ உடனே நிழல், ஈரத்துணி, விசிறல், 108. அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தரங்கம்பாடி அறை, ஏனென்றால் அங்கே விடுதிகளே சில. கிடைக்காவிட்டால் 15 கி.மீ. தள்ளிக் காரைக்கால். அடுத்து ரயில்: பயணத்துக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 6 பேரையும் ஒரே சீட்டில் போட்டால் கீழ்ப்படுக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். மாமனார், மாமியார் இருவருக்கு மட்டும் மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் தனிச் சீட்டு எடுங்கள். அந்த ஒதுக்கீடு அதிகபட்சம் இருவருக்குத்தான். மகனுக்கு அரைக் கட்டணத்தில் எடுத்தால் படுக்கை கிடையாது, முழுக் கட்டணம் கட்டிவிடுங்கள். பிறகு புதுச்சேரி, கடைசியில் மாமல்லபுரம். எல்லா இடத்திலும் தரைத்தளம் அல்லது லிஃப்ட், மேற்கத்தியக் கழிப்பறை என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஜன சதாப்தி உட்கார்ந்து வரும் வண்டி, ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாமியாருக்கு நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு, திருச்சியிலும் ஈரோட்டிலும் எழுந்து காலை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.